கேப்டவுன் முதல் ஜாம்பெசி வரை: கேட்டீர்கள், சொல்கிறேன்

சென்ற இதழில் நானும் நண்பனும் முதுகில் பையோடு கேப்டவுனில் கிளம்பி, நமீபியா, போட்ஸ்வானா வழியாக விக்டோரியா அருவி வரை பஸ்ஸிலும் வாடகைக் காரிலும் லிஃப்ட் கேட்டும் போய்ச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிப் பேர் சிங்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், மீதிப் பேர் விசாவைப் பற்றி. இரண்டுக்கும் நடுவில் நிறைய நல்ல கேள்விகளும் இருந்தன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஒரு மாதம் லீவு இருக்கிறது. நானும் ரூம்மேட்டும் தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, மலாவி, மொசாம்பிக் ஏழு நாடும் போட்டு ஒரு பிளான் வைத்திருக்கிறோம். முடியுமா?

முடியும். பஸ் ஜன்னல் வழியாக ஏழு நாடு பார்க்கலாம்.

மேப்பில் பார்த்தால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். கேப்டவுனிலிருந்து நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக் சுமார் 1,500 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு பகலும் ஒரு இரவும் போய்விடும். அங்கிருந்து, அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் இன்னொரு 1,400. இது தார் ரோட்டுக் கணக்கு. பார்க்க வேண்டிய இடங்கள் எதுவும் தார் ரோட்டில் இல்லை என்பதுதான் விவகாரமே. நமீபியா மட்டுமே எட்டேகால் லட்சம் சதுர கிலோமீட்டர், அதில் மொத்த ஜனம் 30 லட்சம் சுமாருக்கு. ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் வர மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் ஒரு டீக்கடை கூட இருக்காது.

அப்புறம், அந்தப் பக்கத்து மினிபஸ்ஸுக்கு நேரம் கிடையாது, நிரம்பினால்தான் கிளம்பும். காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தீர்கள் என்றால் பத்தரைக்குக் கிளம்பலாம், பன்னிரண்டுக்கும் கிளம்பலாம். எல்லைச் சாவடிகளும் நாள் முழுக்கத் திறந்திருப்பதில்லை. சின்னச் சின்ன சாவடிகள் சாயங்காலமே கேட்டைப் பூட்டிவிடுவார்கள், பத்து நிமிஷம் தாமதமாகப் போனால் ராத்திரி அங்கேயேதான். ஏழு நாடு என்றால் இப்படி ஆறு எல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளை எழுதி வைத்துவிடுங்கள்.

என் யோசனை: ஒரு மாதத்துக்கு மூன்று, மிஞ்சினால் நாலு நாடு. கேப்டவுன், நமீபியா, போட்ஸ்வானாவின் வடமூலை, அருவியில் முடித்துக்கொள்ளுங்கள். அல்லது மேற்குப் பக்கமே போகாமல் டர்பன், டிராகன்ஸ்பெர்க் மலை, லெசோத்தோ, வைல்ட் கோஸ்ட் கடற்கரை என்று கிழக்கிலேயே சுற்றுங்கள், அதற்கே ஒரு மாதம் பத்தாது. மலாவி, மொசாம்பிக் எங்கேயும் ஓடிப்போகாது.

எந்த மாதம் போவது நல்லது?

கேப்டவுன் பக்கம் தவிர, மே முதல் அக்டோபர் வரை மழை இல்லாத காலம். புல் காய்ந்து, குட்டைகள் வற்றி, விலங்குகள் எல்லாம் மிச்சமிருக்கும் தண்ணீருக்கு வந்துதான் ஆக வேண்டும், நீங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தாலே போதும். ஆனால் ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று அரைக்கை சட்டையோடு போய் நமீபியப் பாலைவனத்தில் கூடாரம் போட்டால் விடியற்காலையில் பல் தந்தியடிக்கும், தண்ணீர் பாட்டிலில் ஐஸ் கட்டும் இரவுகள் உண்டு. அக்டோபரோ நேர் எதிர், ஜாம்பெசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 40 டிகிரி சர்வசாதாரணம்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் ஒரு வேடிக்கை. மழையே இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அங்கே வெள்ளம். அங்கோலா மலைகளில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்த மழை அசைந்து அசைந்து வந்து சேர அத்தனை மாதம் ஆகிறது. கடலுக்குப் போகாமல் கலஹாரி மணலிலேயே தண்ணீர் பரவி முடிந்துவிடுகிறது. மொக்கோரோ என்கிற ஒல்லிப் படகில் போக அதுதான் சரியான சமயம்.

சிங்கம் கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்ததா?

சிங்கம் வரவில்லை, கழுதைப்புலி வந்தது. வெளியே விட்டிருந்த தோல் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கூடாரத்துக்கு வெளியே எதையும் வைக்காதீர்கள், உள்ளே பழம் எதையும் வைக்காதீர்கள். ஆரஞ்சு வாசனைக்கு யானை வரும், அதற்குக் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கத் தெரியாது, திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆற்றங்கரை முகாம்களில் ராத்திரி புல் மேய வருவது நீர்யானை. அதற்கும் தண்ணீருக்கும் நடுவே மட்டும் போய் நிற்காதீர்கள். இருட்டிய பிறகு பாத்ரூம் போக வேண்டுமானால் நெற்றி டார்ச்சை நாலாபக்கமும் சுழற்றி, கண் ஏதாவது மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நிம்மதியாக விலங்கு பார்க்க வேண்டுமா, நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் ஒக்கௌகுயெஜோ முகாமுக்குப் போங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை, ராத்திரி முழுக்க மங்கலான விளக்கு எரியும், இந்தப் பக்கம் பெஞ்சில் நீங்கள். முதலில் ஒரு கறுப்புக் காண்டாமிருகம் வந்து ஒரு மணி நேரம் நகராமல் நிற்கும். அப்புறம் யானைக் கூட்டம் வரும், காண்டாமிருகம் வேண்டா வெறுப்பாக நாலடி தள்ளிக்கொள்ளும். பெஞ்சில் யாரும் பேச மாட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கும் எந்த சஃபாரியும் எனக்கு இதற்கு ஈடாகத் தெரியவில்லை.

நண்பரோடு அவ்வளவு நாள் போய்விட்டு வந்த பிறகும் பேசிக்கொள்கிறீர்களா? நாங்கள் மூன்றே நாள் டூர் போய் வந்து ஆறு மாதம் பேசவில்லை.

பேசிக்கொள்கிறோம். கிளம்புவதற்கு முன்னாலேயே நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் சண்டை பணத்தில்தான் வரும், அதனால் அதை முதலிலேயே பேசி முடியுங்கள். நாங்கள் ஒரு பொதுப் பர்ஸ் வைத்திருந்தோம். ஆளுக்குச் சமமாகத் தென்னாப்பிரிக்க ராண்ட் போடுவது, தங்க, சாப்பிட, பஸ்ஸுக்கு, பெட்ரோலுக்கு அதிலிருந்து எடுப்பது, காலியானால் மறுபடி சமமாகப் போடுவது. பீர், பஞ்ஜீ ஜம்ப், அம்மாவுக்கு வாங்கும் பாசிமணி எல்லாம் அவரவர் சொந்தக் காசு. நோட்டில் எழுதி ராத்திரி கணக்குப் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பத்து ராண்டுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பொதுப் பர்ஸில் அந்த வம்பே கிடையாது. ஒரே எச்சரிக்கை, பர்ஸ் ஒன்றாக இருந்தாலும் மொத்தப் பணமும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. ஒருவர் பை போனால் இன்னொருவர் பையில் ஒரு கார்டும் கொஞ்சம் டாலரும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. காரணம் கேட்கக் கூடாது, பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்யக் கூடாது. போட்ஸ்வானாவின் கசானே ஊரில் ஒரு சாயங்காலம், நாட்டா ஊர் வரை போகிற பிக்கப் ஒன்றில் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார் ஓட்டுநர். 300 கிலோமீட்டர், இலவசம் மாதிரிதான், எனக்குக் கை பரபரத்தது. நண்பன் மேற்கே சாய்ந்த சூரியனைப் பார்த்தான், வேண்டாம் என்றான். அந்த ரோட்டில் ராத்திரி யானை குறுக்கே நிற்கும், கறுப்பு ரோட்டில் சாம்பல் யானை முட்டுகிற தூரத்தில்தான் தெரியும். எனக்கு ராத்திரி முழுக்கக் கடுப்புதான். அந்த பிக்கப் பத்திரமாகப் போயும் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த ஒப்பந்தம் இல்லாமல் இருந்திருந்தால் நான் பேசிப் பேசி அவனை ஏற வைத்திருப்பேன்.

மற்றதெல்லாம் சில்லறை. வாரத்துக்கு ஒரு அரை நாள் தனித்தனியாகச் சுற்றுங்கள், சாயங்காலம் பேச விஷயம் கிடைக்கும். வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் பாட்டு தேர்ந்தெடுக்கும் உரிமை. பசியில் இருக்கும்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். குறட்டை விடுகிறவர் என்றால் இரண்டு சின்னக் கூடாரமாக எடுத்துப் போங்கள், நட்பு முக்கியம்.

எந்த நாட்டுப் பணம் எங்கே செல்லும்? டாலரா, ராண்டா?

ராண்ட் நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி மூன்றிலும் செல்லும், அவர்கள் நாணயங்கள் ஒன்றுக்கு ஒன்று ராண்டோடு கட்டப்பட்டவை. ஆனால் இது ஒருவழிப் பாதை. நமீபிய டாலரைக் கேப்டவுன் கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள், எல்லை தாண்டுவதற்குள் பெட்ரோலுக்கோ சாப்பாட்டுக்கோ செலவழித்துவிடுங்கள். போட்ஸ்வானாவில் புலா, ஜாம்பியாவில் குவாச்சா. இரண்டு நாட்டிலும் நகரங்களில் ஏடிஎம் இருக்கிறது.

ஜிம்பாப்வே தனி ரகம். 2024 ஏப்ரலில் ஜிக் என்று ஒரு புது நாணயம் கொண்டுவந்தார்கள், ஆனாலும் பயணிகளுக்கு அமெரிக்க டாலர்தான் கைகொடுக்கும். அதிலும் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கட்டு கட்டாக வேண்டும், 20 டாலர் கொடுத்தால் மீதிச் சில்லறைக்கு ஊரே தேடும். கிழிந்த, கிறுக்கிய நோட்டு செல்லாது. விக்டோரியா அருவி ஊரில் பையன்கள் 100 டிரில்லியன் ஜிம்பாப்வே டாலர் நோட்டை விற்க வருவார்கள். 2009ல் பணவீக்கம் தலைவிரித்து ஆடியபோது நிஜமாகவே அச்சடித்தது, அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், செலவழிக்க முடியாது.

நமீபியாவில் கார் வாடகைக்கு எடுத்தால்தான் முடியுமா? சாதாரண கார் போதுமா, ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா?

பஸ்ஸில் ஊருக்கு ஊர் போகலாம், ஊருக்கு வெளியே இருப்பதை எதையும் பார்க்க முடியாது. ஆகவே இரண்டு பேர் சேர்ந்து கார் எடுப்பதுதான் வழி, ஹாஸ்டலில் இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் இன்னும் மலிவு. வண்டி இடது பக்கம்தான் ஓடுகிறது, நமக்குப் பழக்கம். சர்வதேச ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும்.

ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே வெளிநாட்டுக்காரர்கள் அடிபடுவது சிங்கத்தால் அல்ல, சரளைக்கல்லால். பார்க்க அகலமான, நேரான, காலியான ரோடு, கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். 80க்கு மேல் போனால் சக்கரம் கல்லின் மேல் உருள்வதை விட்டு மிதக்க ஆரம்பிக்கிறது, அந்த நேரத்தில் ஒரு வளைவோ பள்ளமோ வந்து பிரேக்கை அழுத்தினால் வண்டி பக்கவாட்டில் சறுக்கி உருண்டுவிடும். எதிரே இன்னொரு வண்டியே இல்லாமல் ஒற்றையாக உருளுகிற விபத்துதான் அங்கே அதிகம் பேசப்படுவது, அதைச் சில இன்சூரன்ஸ்கள் ஏற்பதுமில்லை. அந்தப் பத்தியை மட்டும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். டயரும் முன் கண்ணாடியும் சேர்கிறதா என்றும் கேளுங்கள், ஏனென்றால் அவை இரண்டும்தான் முதலில் போகும்.

டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் குலுக்கலும் பஞ்சரும் குறையும். எவ்வளவு என்று வண்டி கொடுக்கிறவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்ற மறக்காதீர்கள். ஸ்டெப்னி இரண்டு இருந்தால் நிம்மதி. ஜாக்கியையும் ஸ்பானரையும் ஷெட்டிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எதிரே வண்டி வந்தால் புழுதி ஒரு திரை மாதிரி எழும், அந்த இருபது விநாடி ரோடே தெரியாது, வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் முக்கால் டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். இருட்டியதும் ஓட்டவே கூடாது, குடு என்கிற பெரிய மான் ஒன்று தாவினால் கண்ணாடியோடு உள்ளே வந்துவிடும்.

சொஸஸ்வ்லெய் மணல் குன்றுகளுக்குச் சாதாரண கார் போதும், கடைசி ஐந்து கிலோமீட்டர் மட்டும் மணல், அதற்கு அங்கேயே ஷட்டில் ஜீப் ஓடுகிறது. செஸ்ரியம் கேட்டுக்கு உள்ளே இருக்கும் முகாமில் தங்கினால் சூரியன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்ப விடுவார்கள், வெளியே தங்கினால் விடிந்த பிறகுதான். அங்கே டெட்வ்லெய் என்ற இடத்தில் வெள்ளைக் களிமண் தரை, சிவப்பு மணல், நடுவில் கருகிய மாதிரி நிற்கும் பட்ட மரங்கள். செத்துப் பல நூற்றாண்டு ஆகிறது, மக்கிப்போகக் கூட அங்கே ஈரம் இல்லை. ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பிறகு செல்ஃபி கூட்டம்.

இன்னொரு விஷயம். போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் நெடுஞ்சாலையில் திடீரென்று ஒரு கேட் வரும், கால்நடைக் கோமாரி தடுப்புச் சாவடி. காரை மருந்துத் தண்ணீரில் ஓட்டச் சொல்வார்கள், உங்களை இறக்கி ஈரச் சாக்கின் மேல் செருப்பை மிதிக்கச் சொல்வார்கள், பையில் இருக்கும் மற்ற செருப்புகளையும் எடுத்து வரச் சொல்வதுண்டு. பச்சை இறைச்சி இருந்தால் போய்விடும். சமைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

லிஃப்ட் கேட்டது நிஜமா? பயமாக இல்லையா?

போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் ஊர்க்காரர்களே அப்படித்தான் போகிறார்கள், பஸ் குறைவு. கட்டை விரலைத் தூக்குவதை விட, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாக ஆட்டுவதுதான் அங்கே பார்க்கும் சைகை. இலவசமும் இல்லை, பஸ் கட்டணம் அளவுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம், ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில், இருவராக, குடிக்காத ஓட்டுநரோடு. தென்னாப்பிரிக்காவில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நாங்கள் இரண்டு தோழிகள். வீட்டில் "பொண்ணுங்க அங்கெல்லாமா?" என்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மை ஊருக்கு ஊர் வேறு. ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன், டர்பன் மூன்றிலும் இருட்டிய பிறகு நடக்காதீர்கள், இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஹோட்டலுக்குக் கூட. ஆப்பில் டாக்ஸி கூப்பிடுங்கள். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து கௌட்ரெயின் என்ற நல்ல ரயில் இருக்கிறது, ஊர் நடுவில் இருக்கும் பெரிய பஸ் நிலையத்தில் பையோடு திருதிருவென்று நிற்பதைத் தவிருங்கள். டேபிள் மவுண்டன் பாதைகளில் வழிப்பறி நடந்திருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில் கூட்டத்தோடு ஏறுங்கள். போனை ஜன்னல் ஓரம் பிடித்துக்கொண்டு காரில் உட்காராதீர்கள். இதெல்லாம் அங்கே வாழும் பெண்களே தினமும் செய்கிற ஜாக்கிரதைதான்.

ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானாவில் எங்களுக்குப் பதற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது, எங்கள் ஹாஸ்டலில் இருந்த பெண் பயணிகளும் அதையேதான் சொன்னார்கள். அங்கே ஒரு சின்ன மரியாதை தெரிந்திருக்க வேண்டும். யாரிடமும் எடுத்த எடுப்பில் "பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்காதீர்கள். வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, அவர்கள் திருப்பி விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். அந்த அரை நிமிஷத்தைச் செலவு செய்தால் பஸ் நிற்கும் இடத்துக்கு அவர்களே கூட்டிக்கொண்டு போய் ஏற்றியும் விடுவார்கள்.

முதல் பயணம் என்றால் ஓவர்லேண்ட் டிரக்கையும் யோசியுங்கள். இருபது பேர் வரை ஒரு லாரியில், கூடாரம், சமையல் எல்லாம் சேர்ந்து கேப்டவுனிலிருந்து அருவி வரை சுமார் மூன்று வாரம். எனக்கு அது ஒத்துவராது, விசில் அடித்து எழுப்புவார்கள். ஆனால் எல்லைச் சாவடியும் ராத்திரித் தங்கலும் உங்கள் தலைவலி இல்லை. உங்களுக்கு அது பொருந்தலாம்.

மினிபஸ்ஸில் டிக்கெட் எப்படி வாங்குவது?

தென்னாப்பிரிக்காவில் பல ஊர்களில் கண்டக்டர் இருக்க மாட்டார். பின்சீட்டுக்காரர் காசை முன்னே நீட்டுவார், அது தோள் தோளாகக் கை மாறி முன்னே வரும், சில்லறை அதே வழியில் பின்னே போகும். டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் நீங்கள்தான் கணக்குப்பிள்ளை. பதினைந்து பேர் காசு, நாலு பேருக்கு மீதி, ஒருவருக்கு மட்டும் பாதி வழிக் கட்டணம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மனக்கணக்கு வராதவர்கள் பின்னால் ஏறுங்கள்.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் இறைச்சிதான் மதம், சிக்கன் போடாமல் கேட்டால் மீன் வரும். ஆனால் சோளமாவுக் களி உங்களைக் காப்பாற்றும். தென்னாப்பிரிக்காவில் பாப், ஜிம்பாப்வேயில் சட்ஸா, ஜாம்பியாவில் ன்ஷிமா. கையால் உருட்டி, கட்டை விரலால் குழி செய்து, கீரையையோ பீன்ஸையோ அள்ளி வாயில் போடுவது. ஜாம்பியாவில் இஃபிசாஷி என்று கீரையை நிலக்கடலைப் பொடியில் வேகவைத்துத் தருகிறார்கள், நானும் நண்பனும் பேசாமல் மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம். காரம் வேண்டுமா, தென்னாப்பிரிக்காவின் சகலக்கா, பீன்ஸும் காய்கறியும் மிளகாயும். ஹாஸ்டல்களில் பெரும்பாலும் சமையலறை இருக்கும், சூப்பர் மார்க்கெட்டுகளில் பருப்பும் கிடைக்கும்.

மொபானி புழு சாப்பிட்டீர்களா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சாப்பிட்டேன். காய்ந்த மண்ணும் உப்பும் கலந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஊசி, மாத்திரை?

பயண மருத்துவரைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே பாருங்கள். கேப்டவுன், விண்ட்ஹுக், ஸ்வகோப்முண்ட் பக்கம் மலேரியா இல்லை. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ, சோபே, ஜாம்பெசி ஓரம், தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா, மலாவி எல்லாம் மலேரியா இடம், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். டாக்ஸிசைக்ளின், அட்டோவாக்குவோன்-புரோகுவானில் என்று மாத்திரைகள் உண்டு, உங்களுக்கு எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். திரும்பி வந்து பல வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி தென்னாப்பிரிக்காவுக்காக வேண்டியதில்லை, போகும் வழிக்காக வேண்டியிருக்கலாம். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுசுக்கும் போதும்.

இருமல் சிரப் விஷயத்தில் கவனம். டைபென்ஹைட்ரமின், கோடீன் கலந்த மருந்துகளில் ஜாம்பியா ரொம்பக் கறார், பையில் சாதாரண மருந்தோடு வந்து மாட்டிய வெளிநாட்டவர்கள் உண்டு. மருந்து எதுவானாலும் சீட்டோடு, அதன் சொந்த அட்டையில் எடுத்துப் போங்கள். மலாவி ஏரியில் குளிக்க ஆசைப்பட்டால், கரையோர நாணல் நடுவே நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு இருக்கிறது. வந்த பிறகு பரிசோதித்து மாத்திரை போட்டால் சரியாகிவிடும்.

விக்டோரியா அருவியை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது? பஞ்ஜீ குதித்தீர்களா?

அருவியின் அகலம் 1,708 மீட்டர், உயரம் 108. அகலத்தில் பெரும்பகுதியை ஜிம்பாப்வே பக்கம் நின்றால்தான் முழுசாகப் பார்க்கலாம், எந்த மாதமும் தண்ணீர் இருக்கும். ஜாம்பியா பக்கம் அக்டோபர், நவம்பரில் வெறும் பாறைதான், ஆனால் அந்த வறண்ட காலத்தில்தான் விளிம்பில் இருக்கும் டெவில்ஸ் பூலில் வழிகாட்டியோடு இறங்க முடியும். ஏப்ரல், மே மாதம் போனால் சாரல் அடிக்கிற அடியில் அருவியே தெரியாது, மழைக்கோட்டுப் போட்டும் உள்ளாடை வரை நனையும். பௌர்ணமி சமயம் ராத்திரி பூங்காவைத் திறந்துவிடுவார்கள், நிலா வெளிச்சத்தில் வானவில் தெரியும். தேதி பார்த்துப் போங்கள்.

ஜிம்பாப்வே, ஜாம்பியா இரண்டுக்கும் சேர்த்து காசா (KAZA) யூனிவிசா என்று 50 டாலருக்கு ஒன்று இருக்கிறது, 30 நாள் செல்லும், கசுங்குலா எல்லை வழியாகப் போட்ஸ்வானாவுக்கு ஒரு பகல் போய் வரவும் விடும். எல்லா பாஸ்போர்ட்டுக்கும் கிடையாது, பட்டியலைப் பார்த்துவிட்டு நம்புங்கள். போகிறபோது கசுங்குலா பாலத்தையும் பாருங்கள், 2021ல் திறந்தார்கள், 923 மீட்டர், நேராகப் போனால் ஜிம்பாப்வே எல்லைக்குள் போய்விடும் என்று ஆற்றின் மேலேயே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

பஞ்ஜீ, அருவிக்குப் பக்கத்தில் 1905ல் திறந்த ரயில் பாலத்திலிருந்து 111 மீட்டர். நண்பன் குதித்தான், நான் அவன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 2011 கடைசி நாளில் அங்கே கயிறு அறுந்து ஒரு பெண் ஆற்றில் விழுந்து பிழைத்தார் என்பதை அவனிடம் குதித்த பிறகுதான் சொன்னேன். குதிப்பதோ ராஃப்டிங்கோ செய்வதானால் உங்கள் இன்சூரன்ஸில் அதற்கு இடமிருக்கிறதா பாருங்கள், பல பாலிசிகளில் இல்லை.

அங்கே தமிழர்களைப் பார்த்தீர்களா?

டர்பனில் திரும்பிய பக்கமெல்லாம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை அங்கே கொண்டுவந்து இறக்கியது, பின்னாலேயே நிறையக் கப்பல்கள். இன்று பெயர்ப் பலகைகளில் கோவெண்டர், நாயுடூ, பிள்ளே, மூட்லி என்றெல்லாம் பார்க்கலாம், கவுண்டரும் முதலியாரும் ஆங்கிலேய குமாஸ்தா கையில் மாட்டி இப்படி ஆகியிருக்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள் குறைவு, கோயிலும் காவடியும் குறையவில்லை. புனித வெள்ளி விடுமுறையில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். பன்னி சோ என்று கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவார்கள், கரண்டி கேட்டால் சிரிப்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் தங்கினால் பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1914ல், பதினாறு வயதில், சிறைக்குப் போய்வந்த காய்ச்சலில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறார்.

பை எவ்வளவு எடை?

கூடாரத்தோடு சேர்த்து 12 கிலோ. அதற்கு மேல் போனால் மினிபஸ்ஸில் மடியில் வைக்க முடியாது, மேலே கட்டினால் இரண்டு சீட்டுக் காசு கேட்பார்கள்.

பையனும் அவன் சிநேகிதனும் ஜூலையில் இதே வழியில் போகிறோம் என்கிறார்கள். தடுக்கவும் முடியவில்லை, தூக்கமும் வரவில்லை. ஒரு அப்பாவாக நான் எதைக் கவனிக்க வேண்டும்?

ஐயா, நாலு விஷயம் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் காலிப் பக்கங்கள் இருக்கின்றனவா, ஏனென்றால் ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை மேல் முத்திரை. தென்னாப்பிரிக்க விசா பல முறை நுழைய அனுமதிப்பதா, ஏனென்றால் லெசோத்தோ போய்த் திரும்பினாலும் நமீபியா போய்த் திரும்பினாலும் அது இரண்டாம் நுழைவு, ஒற்றை நுழைவு விசாவோடு எல்லையில் மாட்டிக்கொண்டால் வெகு சிரமம். இன்சூரன்ஸில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா, நமீபியாவில் விபத்து நடந்த இடத்துக்கும் நல்ல ஆஸ்பத்திரிக்கும் நடுவில் 400 கிலோமீட்டர் இருக்கலாம். இருவரில் யார் கார் ஓட்டப் போகிறார்கள், அவர் உங்கள் வண்டியை எப்படி ஓட்டுகிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

தினமும் போன் செய்யச் சொல்லாதீர்கள். மணல் ரோட்டில் முந்நூறு கிலோமீட்டருக்கு சிக்னலே இருக்காது, இங்கே நீங்கள் துடித்துப்போவீர்கள், அங்கே அவர்கள் யாரோ செய்த ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எந்த நாள் எந்த முகாம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, மூன்று நாளுக்கு ஒரு குறுஞ்செய்தி என்று பேசிக்கொள்ளுங்கள். ஜூலை என்றீர்களே, கம்பளிக் குல்லாய் ஒன்று வாங்கிக் கொடுங்கள், வாங்காமல்தான் கிளம்புவார்கள்.